பின் கண்ணாடியில் தெரிந்த ஒற்றைப் பனை

அன்புள்ள செல்விக்கு,

அப்போது உனக்கு ஒன்பது வயது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பஸ்ஸில், கடைசி இருக்கையின் மேல் முட்டி போட்டு உட்கார்ந்து, பின் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டே வருவது உன் வழக்கம். ஒருநாள், சாலையோரம் கை காட்டி நின்ற தயிர்க்காரம்மா ஒருத்தியை வண்டி நிற்காமல் தாண்டியது; "லேட்டா வந்தா நிக்காது" என்று வண்டிக்குள் யாரோ சொன்னார்கள். நீ திரும்பி என்னைக் கேட்டாய்: "அப்பா, அந்தம்மா நமக்கு முன்னாடியே வந்து நின்னுக்கினு இருக்குதே, அது எப்படி லேட்டு?" நான் யோசிக்கவே இல்லை. "அது ஸ்டாப் இல்லம்மா. ஸ்டாப்புக்கு நேரத்தோட வராதவங்க லேட்டுதான்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் பதில் சொல்லியே பழகிய வாய். கேள்வி காதில் விழுந்த உடனே திறந்துகொள்ளும். அந்தப் பதில் தப்பு என்று எனக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. உன்னிடம் அதை ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது ஏன் என்று கேட்பாய். நேற்று உன் கடிதம் வந்தது. வேலையில் சேர்ந்து முதன்முதலாக உன் பொறுப்பில் விட்டிருக்கும் வேலை, விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் ஒப்பிட்டு, இந்த மாதிரி நடுத்தர ஊர்களில் மக்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்று விசாரித்து எழுதுவது என்று எழுதியிருக்கிறாய். கூடவே அச்சடித்த கேள்வித்தாள் ஒன்றையும் வைத்திருக்கிறாய். கடைசியில் பாதி விளையாட்டாக, "அப்பா, இரண்டு ஊர்க்காரர்களில் யார் ஒழுங்கானவர்கள்? உங்கள் பதில் என்ன?" என்று கேட்டிருக்கிறாய். கேள்வித்தாளை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரெண்டு ஊருக்கும் பொறந்த பொண்ணுகிட்ட இந்த வேலைய குடுத்திருக்காங்க பாரு" என்று சிரித்தாள். அவள் சொன்னது சரிதான். நான் விழுப்புரத்து ரயில்வே வீட்டுப் பிள்ளை, அவள் திண்டிவனத்துக் கடைத்தெருப் பெண். அந்த இரண்டு பழக்கமும் மோதிக்கொண்ட வீட்டில்தான் நீ வளர்ந்தாய்.

என் அப்பா ஜங்ஷனில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் கிடையாது, அதற்குத் தேவையும் இல்லை. தெற்கே போகும் பாசஞ்சர் ஊதினால் உலை வைக்க வேண்டும். பாண்டிச்சேரி வண்டி கிளம்பினால் பள்ளிக்கூடம் போக வேண்டும். விழுப்புரத்துக்காரன் பயணம் போவதைப் பார்த்திருப்பாய். வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், சீட்டு வாங்கி, பெட்டியின் மேல் உட்கார்ந்து, சிக்னல் கைகாட்டி எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பான். வண்டி தவறினால் யாரையும் திட்டமாட்டான். தப்பு தன்னுடையது என்று தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்புவான். திண்டிவனம் அப்படியில்லை. செஞ்சி, வந்தவாசி, மரக்காணம், பாண்டிச்சேரி என்று நாலு பக்கத்துச் சாலையும் வந்து சேருகிற ஊர் அது. அங்கே யாரும் மணி கேட்கமாட்டார்கள், "செஞ்சி வண்டி போயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு எதிர்க் கடையில் டீ குடிப்பார்கள். வண்டி நகர்ந்தால் கையைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். தவறவிட்டால் மறுநாள் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டு, "இன்னாப்பா, என்ன உட்டுட்டுப் போய்ட்ட?" என்று சண்டைக்கு நிற்பார்கள். அவரும் "நீ வர்றேன்னு சொல்லவே இல்லியே அண்ணே" என்று சமாதானம் சொல்லுவார்.

உன் மாமா எங்கள் கல்யாணம் முடிந்த புதிதில் விழுப்புரம் வந்து திரும்பிய கதையை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்னொரு முறை சொன்னால் தப்பில்லை. வண்டி வந்து நின்றுவிட்டது, உன் அத்தை இன்னும் தண்ணீர்க் குழாயடியில் கூஜாவை நிரப்பிக்கொண்டிருந்தாள். மாமா நேராகக் கார்டிடம் போனார். "சார், சித்த இருங்க. எங்க வீட்டம்மா வந்துக்கினே இருக்குது" என்றார். கார்டு கொடியை விரிப்பதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஊரு?" என்று கேட்டார். "திண்டிவனம்." "அதான பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுக் கொடியை அசைத்துவிட்டார். அத்தை கூஜாவோடு கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டாள். நான் வெட்கத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். உன் அம்மா மட்டும், "கேட்டதுல இன்னா தப்பு? நிறுத்தறதும் நிறுத்தாததும் அவரு இஷ்டம்" என்றாள். அன்றைக்கு அது எனக்குப் பட்டிக்காட்டுப் பேச்சாகத் தோன்றியது.

இனி அந்தத் தயிர்க்காரம்மாவின் கதைக்கு வருகிறேன். என்னைத் திண்டிவனம் உயர்நிலைப்பள்ளிக்கு மாற்றியபோது முதலில் ரயிலில்தான் போய்வந்தேன். பிறகு ரயில் நேரத்தை மாற்றினார்கள். காலைப் பாசஞ்சர் திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் பள்ளியில் முதல் மணி அடித்துவிடும். வேறு வழியில்லாமல் பஸ்ஸுக்கு மாறினேன். என் கண்ணெதிரில் படிக்கட்டும் என்று உன்னையும் அங்கேயே பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்தேன். அந்த பஸ்ஸோ கை காட்டின இடத்திலெல்லாம் நிற்கும். விக்கிரவாண்டியைத் தாண்டி, கூட்டேரிப்பட்டு வருவதற்கு முன்னால், இடது பக்கம் ஒற்றைப் பனை ஒன்று இருக்கும். அங்கே தினமும் அஞ்சலை என்ற ஒரு அம்மா தயிர்ப்பானையோடு நிற்பாள். சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த கிராமத்திலிருந்து வயல் வழியாக நடந்து வருகிறவள். பானையின் வாயில் ஈரத்துணி கட்டியிருக்கும். அதை இறக்கி, ஏற்றி, மடியில் சரியாக வைத்துக்கொள்ளும்வரை கண்டக்டர் விசில் கொடுக்கமாட்டார். "மெதுவா, மெதுவா. பானை சிந்திச்சுன்னா வாத்தியாரு வேட்டிதான் மோரு குடிக்கும்" என்று என்னைக் காட்டிச் சிரிப்பார். "குடிக்கட்டுமே, வெயிலுக்கு நல்லதுதான்" என்று அவளும் சொல்லுவாள். வண்டியே சிரிக்கும். நானும் சிரிப்பேன், ஆனால் கண் கைக்கடிகாரத்தில் இருக்கும்.

ஒரே மாதத்தில் நாலைந்து முறை பள்ளிக்குப் பிந்திப் போனேன். தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரில் சிவப்பு மையால் ஒரு கோடு மட்டும் போடுவார். பையன்களுக்கு நான் எத்தனையோ சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். எனக்கே விழுந்தபோது தாங்கமுடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பஸ் முதலாளிக்கு ஒரு மனு எழுதினேன். வண்டி குறித்த நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், குறித்த ஸ்டாப்புகளில் மட்டும் நிற்க வேண்டும், வழியில் கை காட்டுகிறவர்களுக்கு நிறுத்தக்கூடாது என்று. எழுத்து முத்துமுத்தாக இருந்தது. மறுநாள் வண்டி கிளம்புவதற்கு முன் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலேயே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். கோர்ட்டு குமாஸ்தா போட்டார், தாலுகா ஆபீஸ்காரர்கள் போட்டார்கள், ஜவுளிக்கடைக்காரர் இங்கிலீஷில் போட்டார். இரண்டு தாள் நிரம்பிவிட்டது. ஊரே என் பக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் என் பக்கம் இருந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் ஏறுகிறவர்கள், அவர்களிலும் பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள். வழியில் ஏறுகிறவர்களைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. அஞ்சலைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அதனால் அவளிடம் தாளை நீட்டவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். அவள் என் நினைவுக்கே வரவில்லை.

முதலாளி ஒப்புக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து வண்டி ரயிலைப் போலக் கிளம்பியது. சிவப்புக் கோடு நின்றுபோனது. தலைமையாசிரியர் ஆசிரியர்கள் முன்னால், "ஒரு மனுவால் ஒரு பஸ்ஸையே திருத்திவிட்டார்" என்று என்னைப் புகழ்ந்தார். அந்த வாரத்தில்தான் நீ பின் கண்ணாடி வழியாகப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாய். நீ கேட்ட பிறகு நானும் திரும்பிப் பார்த்தேன். பனையடியில் ஒரு உருவம், தலையில் பானை, உயர்த்திய கை. எங்கள் வண்டி கிளப்பிய புழுதியில் அது மறைந்தது. "நாளைக்கு ஸ்டாப்புக்கு வந்துடும்" என்றேன். "கூட்டேரிப்பட்டு வரைக்குமா? பானையோடவா?" என்றாய். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

பத்து நாள் போயிருக்கும். நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவது பள்ளி விடுதியில். தயிர் வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாள் வந்தது, வாயில் வைக்க முடியாத புளிப்பு. சமையல்காரரைக் கூப்பிட்டு, "இது என்னய்யா?" என்று கேட்டேன். "இன்னா சார் பண்றது, அஞ்சலம்மா முன்ன மாதிரி வர்றதில்ல. பஸ்ஸு பனை மரத்தாண்ட நிக்க மாட்டேங்குதாம். கூட்டேரிப்பட்டு வரைக்கும் நடந்து வந்து பார்த்துது, வண்டி போயிடுது. அடுத்த வண்டிக்கு நின்னா வெயில்ல தயிரு புளிச்சிப்போவுது. வார்டன் வேற ஆளப் பார்க்கச் சொல்லிட்டாரு" என்றார். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே, "யாரோ படிச்சவங்க பெட்டிஷன் போட்டாங்களாம் சார். அவங்க வூட்ல தயிரே சாப்பிட மாட்டாங்க போல" என்றார். அவருக்கு அது நான்தான் என்று தெரியாது.

செல்வி, இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமான இடம் இதுதான். நான் அவரிடம் சொல்லவில்லை. உடனே முதலாளியிடமும் போகவில்லை. புகழ்ந்தவர்கள் முன்னால் என் எழுத்தை நானே அடித்துத் திருத்த வெட்கமாக இருந்தது. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று மூன்று வாரத்தை ஓட்டினேன். அந்த மூன்று வாரமும் நீ பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தாய், ஆனால் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் உன் அம்மாவிடம்தான் சொன்னேன். அவள் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, "கையெழுத்து வாங்கப் போனீங்களே, மை டப்பா எடுத்துக்கினு போனீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ பாதி வண்டிகிட்டதான் கேட்டிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறன்று கட்டைவிரல் ரேகை வைக்கும் மை டப்பாவோடு கிளம்பினேன்.

பனையடியில் இறங்க முடியாது, நான்தான் நிறுத்த வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனே. கூட்டேரிப்பட்டில் இறங்கிப் பின்னால் நடந்தேன். கையில் ஒரு காகிதமும் டப்பாவும்தான், பானை இல்லை. அப்படியும் செருப்புக்குள் மணல் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரயில்வே வீட்டில் பிறந்தவனுக்கு, ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் நடுவில் இருப்பது எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கிராமத்து எல்லையில் மல்லாட்டைக் கொல்லையில் பெண்கள் வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். அஞ்சலைதான். அவளை நான் பானையில்லாமல் பார்த்ததே இல்லை.

"இன்னா வாத்தியாரே, வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றாள். மனு போட்டது நான்தான் என்று சொன்னேன். அவள் கையிலிருந்த மண்ணை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்களா? எம்மாம் நாளு என் பக்கத்துல குந்திக்கினு வந்தீங்க. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றாள். எருமையை விற்று எட்டு நாள் ஆகிறது என்று பக்கத்திலிருந்த பெண் சொன்னாள். நான் முதல் வாரமே வந்திருந்தால் அந்த எருமை அவள் தொழுவத்திலேயே இருந்திருக்கும். புது மனுவை எடுத்துப் படித்துக் காட்டினேன்: வண்டி குறித்த நேரத்துக்கே போகட்டும், ஆனால் ஒற்றைப் பனையையும் ஒரு ஸ்டாப்பாக எழுதிவிட வேண்டும். அஞ்சலை, "எனக்கு இனிமே பஸ்ஸு எதுக்கு வாத்தியாரே" என்றாள். பிறகு, கொல்லையிலிருந்த மற்றவர்களைப் பார்த்தாள். "இதுங்களுக்கு வேணும். ஆஸ்பத்திரிக்குப் போவணும், சந்தைக்குப் போவணும். எங்க வைக்கணும், சொல்லுங்க" என்று கட்டைவிரலை நீட்டினாள். முதல் ரேகை அவளுடையது.

அதோடு முடியவில்லை. பின்வரிசையில் நின்ற ஒரு பெண் தயங்கித் தயங்கி, "எங்க தெருக்காரங்களும் வைக்கலாமா?" என்று கேட்டாள். அவள் சேரியைச் சேர்ந்தவள். "முன்னெல்லாம் உங்களுக்கும் வண்டி நிக்குமே" என்றேன். "இவங்களுக்கு நிக்கும் சார். நாங்க மட்டும் நின்னா, பார்த்துட்டு போய்க்கினே இருப்பாங்க" என்றாள். எங்கள் கண்டக்டர் நல்லவர்தான், எல்லாரையும் சிரிக்க வைக்கிறவர்தான். ஆனால் தனக்குத் தெரிந்த கைக்குத்தான் அவர் நிறுத்தியிருக்கிறார். இதையும் நான் தினமும் அந்த வண்டியில் போயும் பார்த்ததில்லை. அவர்கள் தெருவுக்கும் போய் ரேகை வாங்கினேன்.

முதலாளி இரண்டாவது மனுவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "வாத்தியாரே, போன மாசம் நிக்காதேன்னு எழுதிக் குடுத்தீங்க. இந்த மாசம் நில்லுன்னு எழுதிக் குடுக்கறீங்க. நான் வண்டி ஓட்டறதா, உங்களாண்ட பரீட்ச எழுதறதா? பேஜாரு பண்றீங்களே" என்றார். முதல் மனு என் தப்பு என்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இவ்ளோ பேரு அந்தப் பனை மரத்தாண்ட இருக்கறாங்களா?" என்றார். அடுத்த வாரம் வண்டியின் பலகையில் விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் 'ஒற்றைப் பனை' என்று எழுதப்பட்டது. யார் நின்றாலும் வண்டி நின்றது. பள்ளிக்கும் நான் பிந்தவில்லை. அந்த நிறுத்தத்துக்கு ஆன நேரம் நான் பயந்த அளவில் பாதிகூட இல்லை. அஞ்சலை மட்டும் திரும்ப எருமை வாங்கவில்லை. எப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போக அங்கே ஏறுவாள். ஏறினால் உன் பக்கத்தில் உட்கார்ந்து மடியிலிருந்து ஒரு பிடி மல்லாட்டை எடுத்து உன் கையில் கொட்டுவாள். என்னோடும் பேசுவாள், சிரிப்பாள். ஆனால் என் வேட்டியைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாளும் கேலி செய்ததில்லை. எனக்கு அந்தக் கேலி வேண்டியிருந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இரண்டு ஊரில் எது ஒழுங்கு என்று கேட்டாய். விழுப்புரத்து மணி எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தும். சாதி பார்க்காது, முகம் பார்க்காது. ஆனால் ஸ்டேஷன்வரை வந்து சேர்ந்தவர்களைத்தான் அதற்குத் தெரியும். திண்டிவனத்துக் கை, பாதி வழியில் நிற்கிறவளையும் ஏற்றிக்கொள்ளும். ஆனால் தெரிந்தவளைத்தான் ஏற்றிக்கொள்ளும். ஒன்றிலிருந்து நேரத்தையும் மற்றொன்றிலிருந்து பனையடியையும் எடுத்துக்கொண்டபோதுதான் எங்கள் பஸ் ஓரளவு சரியானது. இதுகூட ஒரு வண்டி, ஒரு சாலையைப் பற்றி நான் கண்டதுதான். நீ நிறையப் பார்க்கப் போகிறாய், என்னைவிட நன்றாகவே எழுதுவாய்.

உன் கேள்வித்தாள் நன்றாக இருக்கிறது. எழுத்துப் பிழை இரண்டுதான் இருந்தது, பென்சிலால் திருத்தியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் அதன் தலைப்பில், ரயில்வே ஸ்டேஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் பயணிகளிடம் கேட்க வேண்டியவை என்று இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு என் இரண்டு தாள் கையெழுத்து நினைவுக்கு வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். உன் அம்மா வறுத்த மல்லாட்டை ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்திருக்கிறாள், கூடவே ஒரு மை டப்பாவும். இரண்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவள் உத்தரவு.

திங்கட்கிழமை வேலையைத் தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கேள்வித்தாளைப் பையிலேயே வைத்துவிட்டு, முதல் நாள் மட்டும் காலை பஸ்ஸில் ஏறி, கடைசி இருக்கையில் உட்கார்ந்து, வண்டி நிற்காமல் தாண்டிப்போகும் இடங்களில் யார் கை காட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பின் கண்ணாடி வழியாகப் பார்.

உன் அன்புள்ள,
அப்பா